ஊர் போகாத சைக்கிள்

"செக்குமாடு மாதிரி சுற்றிச் சுற்றி வருகிறான்" என்று ஒருவனைப் பற்றிச் சொன்னால் அது வசவு. நாள் முழுதும் நடந்தும் அந்த மாடு ஊர் போய்ச் சேருவதில்லை என்பதுதான் ஏளனத்தின் சாரம். ஆனால் காலம் விசித்திரமானது. இன்று நடுத்தரக் குடும்பத்து மனிதர் ஒருவர் ஆயிரக் கணக்கில் பணத்தைக் கொட்டி, ஓர் அடிகூட முன்னே நகராத சைக்கிளை வாங்குகிறார். அதைக் கூடத்து மூலையில் நிறுத்துகிறார். விடியற்காலையில் எழுந்து, அரை மணி நேரம் வியர்க்க வியர்க்க மிதித்துவிட்டு, ஏறிய இடத்திலேயே இறங்குகிறார். இறங்கும்போது அவர் முகத்தில் வெட்கம் இல்லை, பெருமைதான் இருக்கிறது!

பட்டணத்து வழக்கமாக இருந்த இது இப்போது சேந்தமங்கலம் போன்ற ஊர்களுக்கும் வந்துவிட்டது. சர்க்கரைக்காகவும் இரத்தக் கொதிப்புக்காகவும் வைத்தியரிடம் போகிறவர்கள், "தினமும் உடம்பு அசைய வேண்டும்" என்ற வார்த்தையோடு திரும்பி வருகிறார்கள். வீட்டுக்கு வந்ததும் அடுத்த கேள்வி எழுகிறது: "எந்த யந்திரம் வாங்குவது? எது மலிவு? எது உழைக்கும்?" கடைக்காரரிடம் இதற்கு ஒரு பதில் உண்டு. சரித்திரத்திடமும் ஒரு பதில் உண்டு என்று சொன்னால் சிலர் சிரிக்கலாம். ஆனால் நின்ற இடத்தில் மிதிப்பது என்பது மனிதன் நேற்றுக் கண்டுபிடித்த காரியமல்ல. அது எங்கே இனித்தது, எங்கே கசந்தது என்று தெரிந்துகொண்டவர் பணத்தை எடுப்பதற்கு முன் கொஞ்சம் யோசிப்பார். அந்த யோசனை நல்லது.

சேந்தமங்கலத்திலிருந்தே தொடங்கலாம். நாமக்கல்லிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தூரத்தில், கொல்லிமலைக்குப் போகும் பாதையில் இருக்கிறது இந்த ஊர். 1997-ல் நாமக்கல் தனி மாவட்டம் ஆகும் வரையில் சேலத்தோடு சேர்ந்திருந்த சீமை. வல்வில் ஓரி ஆண்டதாகச் சங்க நூல்கள் புகழும் மலை கண்ணெதிரே நிற்கிறது. மலை அழகுதான், ஆனால் அடிவாரத்துச் சமவெளியில் வெள்ளாமை செய்கிறவனுக்குக் கிணறுதான் கதி. கிணறு இருந்தால் போதுமா? தண்ணீர் மேலே வர வேண்டும். வந்தது, மனிதர் கால்களாலும் மாட்டின் கால்களாலும் வந்தது.

ஆழமான கிணறுகளில் கவலை. மாடுகள் சரிவில் இறங்கிச் சாலை இழுக்கும், பின்வாங்கி மேட்டுக்கு ஏறும், மறுபடி இறங்கும். ஆழம் குறைந்த கிணறுகளில் ஏற்றம். இன்றைய இளைஞர்கள் ஏற்றத்தைப் படத்தில்தான் பார்த்திருப்பார்கள். கிணற்றோரம் நட்ட தூணின்மேல், துலா என்று ஒரு நீண்ட மரம் குறுக்கே கிடக்கும். அதன் ஒரு முனையில் கழியும் சாலும் தொங்கும். ஒருவரோ இருவரோ அந்த மரத்தின்மேல் ஏறி நின்றுகொண்டு, கிணற்றுப் பக்கமாக நடந்தால் சால் தண்ணீருக்குள் இறங்கும். மறுபக்கமாக நடந்தால் நிறைந்த சால் மேலே வரும். கீழே நிற்பவர் அதைப் பிடித்து வாய்க்காலில் கவிழ்ப்பார். இப்படியே விடியலுக்கு முன் தொடங்கி வெயில் ஏறும் வரையில், மெலிந்த ஒரு மரத்தின் நீளத்துக்குள்ளேயே காத தூரம் நடந்து தீர்த்தார்கள் நம் முன்னோர்கள்.

இதில் ஒரு நுட்பம் கவனிக்கத் தக்கது. ஏற்றக்காரர் பாடிக்கொண்டே இறைத்தார். அந்தப் பாட்டில் சால்களின் எண்ணிக்கையும் வந்துகொண்டே இருக்கும். எத்தனை சால் இறைத்தாயிற்று, இன்னும் எத்தனை பாக்கி என்று பாட்டே கணக்கு வைத்தது. அலுப்பைப் போக்க இசை. அளவைக் காட்ட எண். இன்றைய மிதியந்திரத்தின் கைப்பிடியில் பொருத்தியிருக்கிறார்களே ஒரு சிறிய திரை, அது செய்யும் காரியமும் இதுவேதான். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. ஏற்றக்காரரின் கணக்கு முடியும்போது வயல் நனைந்திருக்கும்.

1934-ல் மேட்டூர் அணை திறக்கப்பட்டது. சில ஆண்டுகளில் அங்கே மின்சாரமும் எடுத்தார்கள். நாடு விடுதலை அடைந்த பிறகு கம்பி கிராமம் கிராமமாகப் போயிற்று. கிணற்று மேட்டில் பம்பு செட்டு வந்தது. துலா மரத்தைக் கழற்றி மாட்டுக் கொட்டகைக்கு உத்தரமாகப் போட்டார்கள். கால்களுக்கு ஓய்வு கிடைத்தது. அந்த ஓய்வைப் பற்றி யாரும் குறை சொல்ல முடியாது. அத்தனை உழைப்பை ஏற்றத்தில் கொட்டியவர்கள் ஆசையோடு கொட்டவில்லை. ஆனால் கால் அன்று விட்ட வேலையை இன்று காசு கொடுத்துத் திரும்ப வாங்குகிறோம் என்பதை மறக்காமல் இருப்பது நல்லது.

நம் ஊரில் ஏற்றம் ஓடிக்கொண்டிருந்த காலத்திலேயே, மேல்நாட்டில் நின்ற இடத்து மிதிப்புக்கு இரண்டு பிறவிகள் வாய்த்தன. ஒன்று மாளிகையில், மற்றொன்று சிறைச்சாலையில்.

1796-ல் லண்டனில் பிரான்சிஸ் லவுண்டஸ் என்பவர் 'ஜிம்னாஸ்டிகான்' என்ற யந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். மரச்சட்டத்துக்குள் நோயாளி நின்றோ உட்கார்ந்தோ காலால் மிதிகளை மிதிப்பார். கையால் பிடிகளைச் சுழற்றுவார். தாமாக அசைய முடியாதவராக இருந்தால், பக்கத்தில் ஒருவர் நின்று சுழற்றிவிட, அவருடைய கைகால்கள் யந்திரத்தோடு அசையும். கை நிறையப் பணமும் கால் நிறைய வாதமும் உள்ளவர்களுக்கு ஏற்ற கருவி. இன்று வீடுகளில் இருக்கும் மிதியந்திரத்துக்குப் பாட்டன் இதுதான் என்று சொல்லலாம்.

இரண்டாவது பிறவி 1818-ல். வில்லியம் கியூபிட் என்ற பொறியியலாளர் இங்கிலாந்துச் சிறைக் கைதிகள் சோம்பியிருப்பதைக் கண்டு ஒரு சக்கரம் அமைத்துக் கொடுத்தார். பெரிய உருளை, அதன்மேல் படிகள். கைதிகள் வரிசையாக நின்று ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். ஏற ஏறப் படி கீழே நழுவும். மணிக் கணக்கில் ஏறினாலும் மாடி வராது! சில சிறைகளில் அந்தச் சக்கரம் மாவு அரைத்தது, நீர் இறைத்தது. பல சிறைகளில் ஒன்றுமே செய்யவில்லை. காற்றைத்தான் அரைத்தது, அந்த ஊர்க்காரர்களே அப்படித்தான் கேலியாகச் சொன்னார்கள். 1895-ல் சிறைப்பட்ட எழுத்தாளர் ஆஸ்கார் ஒயில்டும் அந்தச் சக்கரத்தில் ஏறி மிதித்தவர்தான். 1898-ல் வந்த சிறைச் சட்டத்துக்குப் பிறகுதான் அந்தக் கொடுமைக்கு முடிவு வந்தது.

நமக்கு இதைவிட நெருங்கிய உதாரணம் இருக்கிறது. 1908-ல் தண்டனை அடைந்த வ. உ. சிதம்பரம் பிள்ளை கோயமுத்தூர்ச் சிறையில் மாட்டுக்குப் பதிலாகச் செக்கிழுத்தார். சட்டம் படித்தவர், கப்பல் ஓட்டியவர். அந்தச் செக்கு இப்போது சென்னை கிண்டியில் காந்தி மண்டப வளாகத்தில் இருக்கிறது. பார்க்கிறவர் யாருக்கும் அதைத் தேகப்பயிற்சிக் கருவி என்று எண்ணத் தோன்றாது. ஆனால் உடம்புக் கூற்றை மட்டும் எடுத்துக்கொண்டால், தசை ஒன்றுதான், வியர்வை ஒன்றுதான், இதயத் துடிப்பு ஒன்றுதான். ஜிம்னாஸ்டிகானில் மிதித்த பிரபுவுக்கும் செக்கிழுத்த தேசபக்தருக்கும் நடுவே உள்ள வித்தியாசம் யந்திரத்தில் இல்லை. ஒருவர் தாமே விரும்பி ஏறினார், வேண்டியபோது இறங்கினார். மற்றவருக்கு இரண்டும் இல்லை. இந்த விஷயத்தை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். மிதியந்திரம் வாங்கியவர்களில் பலர் மூன்றாம் மாதத்தில் ஏன் நிறுத்திவிடுகிறார்கள் என்பதற்கு விளக்கம் இங்கேதான் இருக்கிறது.

இவ்வளவுக்கும் சைக்கிள் இன்னும் கதைக்குள் வரவில்லை. 1817-ல் ஜெர்மனியில் கார்ல் டிரைஸ், காலால் தரையை உந்திச் செலுத்தும் இருசக்கர வண்டியை ஓட்டிக் காட்டினார். 1860-களில் பிரான்ஸில் பெடல் வந்தது. 1885-ல் இங்கிலாந்தில் ஸ்டார்லி செய்த 'ரோவர்' வண்டியில், இரண்டு சக்கரமும் ஏறத்தாழ ஒரே அளவாகவும், பின்சக்கரத்தைச் சங்கிலி இழுப்பதாகவும், இன்று நாம் சைக்கிள் என்று சொல்லும் உருவம் அமைந்தது. 1888-ல் டன்லப் காற்றடைத்த டயரைக் கொடுத்தார். பத்தே ஆண்டுகளில் உலகம் சைக்கிளில் ஏறிக்கொண்டது.

ஏறியவர்களில் பந்தயக்காரர்களும் இருந்தார்கள். பனிக்காலத்தில் அவர்களுக்குச் சாலை கிடையாது. ஆகவே உருளைகளின்மேல் சைக்கிளை நிறுத்தி வீட்டுக்குள் ஓட்டிப் பழகினார்கள். விஞ்ஞானிகளுக்கும் இதில் ஆசை வந்தது. மனிதன் எவ்வளவு வேலை செய்கிறான், அதற்கு எவ்வளவு மூச்சு செலவாகிறது என்று அளப்பதென்றால், ஓடுகிறவன் பின்னாலேயே கருவியைத் தூக்கிக்கொண்டு ஓட முடியுமா? மிதிக்கிறவன் தலையும் நெஞ்சும் ஓரிடத்தில் நிற்கின்றன. கால் மட்டும் உழைக்கிறது. அளப்பதற்கு இதைவிட வசதி ஏது? 1896-ல் பிரான்ஸில் பூனி என்பவர் அளவு காட்டும் சைக்கிள் அமைத்தார். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற டென்மார்க்கு விஞ்ஞானி ஆகஸ்ட் குரோக், 1913-ல் மின்காந்தத்தால் பிரேக் பிடிக்கும் சைக்கிள் ஒன்றைச் செய்தார். 1954-ல் ஸ்வீடனில் வான் டோபெல்ன் என்பவர் வடிவமைத்த சைக்கிள், வைத்தியசாலைகளுக்கும் ஆராய்ச்சிக் கூடங்களுக்கும் பரவிற்று. 1912-ல் மூழ்கிய டைட்டானிக் கப்பலின் முதல் வகுப்புப் பிரயாணிகளுக்கான பயிற்சி அறையிலும் நின்ற இடத்துச் சைக்கிள்கள் இருந்தன. நடுக்கடலில், கப்பலின் மேல் தளத்தில், ஊர் போகாத சைக்கிள்!

குரோக்கின் யந்திரத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஏனெனில் இன்று கடையில் 'மாக்னெட்டிக்' என்று விற்கும் அத்தனை யந்திரங்களுக்கும் அடிப்படை அதே தத்துவந்தான். செம்புத் தகட்டையோ அலுமினியத் தகட்டையோ காந்தம் இழுக்காது. ஆனால் அந்தத் தகடு காந்தத்தின் அருகே வேகமாகச் சுழன்றால் அதற்குள் மின்சாரச் சுழல்கள் உண்டாகி, சுழற்சியைத் தடுக்கும். தொடுவதில்லை, உரசுவதில்லை, ஆகவே தேய்வதும் இல்லை. காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனால் மிதி கனக்கும். தள்ளி வைத்தால் இலேசாகும். கைப்பிடியில் இருக்கும் சிறு லிவர் செய்கிற வேலை இவ்வளவுதான்.

உழைப்பை 'வாட்' கணக்கில் சொல்வதும் இந்த ஆராய்ச்சிக்காரர்கள் வழியாக வந்ததுதான். சேந்தமங்கலத்துக்காரருக்கு இதை விளக்கப் புத்தகம் வேண்டாம், மலை இருக்கிறது. காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஏற்றம் ஏறத்தாழ ஆயிரம் மீட்டர். ஆளும் சைக்கிளுமாக 80 கிலோ என்று வைத்துக்கொள்வோம். யந்திரத்தின் திரையில் 100 வாட் என்று காட்டும்படி விடாமல் மிதிக்கிறவர், அதே உழைப்பைச் சாலையில் காட்டினால், காற்றையும் உராய்வையும் கணக்கில் சேர்க்காமலே, மலை உச்சிக்குப் போக இரண்டு மணி பத்து நிமிஷம் ஆகும். 50 வாட் என்றால் நாலே கால் மணிக்கு மேல். முதல் நாளே 200 வாட் காட்ட வேண்டும் என்று பல்லைக் கடிக்கும் நண்பர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும்.

தமிழ்நாட்டில் சைக்கிள் சாமானியரின் வாகனம் ஆனது சுதந்திரத்துக்குப் பிறகு. 1949-ல் சென்னையில் டி. ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் தோன்றிற்று. பிறகு அம்பத்தூர் என்றாலே சைக்கிள் என்று ஆயிற்று. 1956-ல் லூதியானாவில் ஹீரோ தொடங்கிற்று. சொந்தமாக வாங்க முடியாதவர்களுக்கு மணிக் கணக்கில் வாடகை சைக்கிள். குட்டைக் கால் பையன்கள் பாருக்கு அடியில் காலை நுழைத்துக் 'குரங்கு பெடல்' போட்டே ஊரைச் சுற்றினார்கள்.

ஊர் போகாத சைக்கிளும் நமக்கு அப்போதே பரிச்சயந்தான், பெயர்தான் வைக்கவில்லை. திடலில் ஒருவர் பல நாட்கள் இறங்காமல் வட்டமாகவே சைக்கிள் விடுவார். சாப்பாடு, குளியல், எல்லாம் சைக்கிள்மேலேயே. ஒலிபெருக்கி அலறும், ஊர் கூடும். சைக்கிள் ஊர் போகவில்லை. ஊர் சைக்கிளிடம் வந்தது. சாணை பிடிப்பவர் தெருமுனையில் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டு, ஏறி உட்கார்ந்து மிதிப்பார். முன்னால் பொருத்திய சாணைக்கல் சுழன்று கத்தியில் தீப்பொறி பறக்கும். பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தி, மிதிப்பின் பலத்தை வேறொரு சக்கரத்துக்குக் கடத்துவது என்ற யுக்தியில், இன்றைய விலை உயர்ந்த டிரெயினருக்கும் அவருடைய வண்டிக்கும் வேறுபாடு கிடையாது. அவர் மிதித்ததற்கு ஒரு கூர்மை மிச்சம் இருந்தது; அதுவே அவருக்குச் சாப்பாடும் போட்டது.

வீட்டுப் பிள்ளைகள் ஸ்டாண்டு போட்ட சைக்கிளில் ஏறிச் சர்ரென்று மிதித்ததும் அந்த வகைதான். ஆனால் அதில் கனமே இராது. பின்சக்கரம் அந்தரத்தில் சுற்றும், காற்றைத்தான் அரைக்கும். டயரோடு டைனமோவைச் சாய்த்துவிட்டால் விளக்கு எரியும். கால் கொஞ்சம் கனக்கும். அந்த டைனமோ வெறும் மூன்று வாட். அதன் தலையில் உள்ள சிறு உருளை டயரை அழுத்தி உரசிச் சுழல்கிறது அல்லவா? அதையே பெரிதாக்கி, விளக்குக்குப் பதில் காந்தத்தையோ விசிறியையோ எண்ணெய்ப் பாத்திரத்தையோ மறுமுனையில் வைத்தால், கடைகளில் மலிவாகக் கிடைக்கும் டிரெயினர் ஆகிவிட்டது. டைனமோவைத் தெரிந்தவருக்கு டிரெயினர் தெரிந்த மாதிரிதான்.

1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில், அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து கிராமத்துப் பெண்கள் ஆயிரக் கணக்கில் சைக்கிள் கற்றார்கள். தண்ணீருக்கும் சந்தைக்கும் வேலைக்கும் யாரையும் எதிர்பாராமல் போனார்கள். 2000-க்குப் பின் வந்த ஆண்டுகளில் அரசே பள்ளி மாணவிகளுக்கும் மாணவர்களுக்கும் இலவசமாகச் சைக்கிள் கொடுத்தது. நம் நாட்டில் சைக்கிளின் பெருமையே, வீட்டுக்குள் இருந்தவரை வெளியே கொண்டுபோனதில்தான் இருக்கிறது. அப்படியிருக்க, வெளியே போன சைக்கிளை மறுபடி வீட்டுக்குள் கொண்டுவருவதா என்று கேட்கலாம்.

கேள்வி நியாயமானது. ஆனால் ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். லாரிகளுக்குப் பேர் போன நாமக்கல் வட்டாரத்துச் சாலையில், இருள் பிரியாத நேரத்தில் சைக்கிளில் போவது எல்லோருக்கும் பாதுகாப்பானதல்ல. காலையில் பள்ளிக்கும் வேலைக்கும் ஆட்களை அனுப்பும் வீட்டுத் தலைவிக்கு அரை மணி நேரம் ஒழியலாம். வீட்டை விட்டுப் போக ஒழியாது. முழங்கால் வலிக்காரருக்கு நடப்பதைவிட உட்கார்ந்து மிதிப்பது எளிது. லாரியில் நாளெல்லாம் உட்கார்ந்து ஓட்டி வந்தவருக்கு உடம்பு அசைய வேண்டும், வெயிலோ ஏறிவிட்டது. இவர்களுக்கு ஊர் போகாத சைக்கிள் ஆடம்பரமல்ல. ஆகவே எதை வாங்குவது என்று பார்ப்போம்.

கடையில் இருப்பவை நாலு ஜாதி. முதலாவது, உருளைகள்: மூன்று உருளைகளின்மேல் சைக்கிளை வைத்து, கயிற்றின்மேல் நடப்பவன் மாதிரி சமன் செய்து ஓட்ட வேண்டும். பந்தயக்காரருக்கு உகந்தது, மற்றவர் தொடாமல் இருப்பது எலும்புக்கு நல்லது. இரண்டாவது, நான் சொன்ன டைனமோ ஜாதி: நம் சைக்கிளின் பின்அச்சை இறுக்கிப் பிடித்து, டயரின்மேல் உருளையை அழுத்துவது. மூன்றாவது, பின்சக்கரத்தையே கழற்றிவிட்டுச் சங்கிலியை யந்திரத்தோடு நேரே பூட்டுவது. சத்தம் குறைவு, அளவு துல்லியம். விலை மட்டும் பல மடங்கு. 2020-ல் நோய்த்தொற்றால் உலகம் வீட்டுக்குள் முடங்கியபோது, பிரான்ஸ் தேசத்து மாபெரும் சைக்கிள் பந்தயத்தின் சாயலில் திரைமேல் ஒரு பந்தயம் நடந்ததே, அதில் வீரர்கள் மிதித்தது இந்த மாதிரியான யந்திரங்களைத்தான். நமக்கு அவ்வளவு தேவையில்லை. நாலாவது, சைக்கிளே வேண்டாத முழு யந்திரம்: ஆசனம், மிதி, கனத்த சுழல்சக்கரம், பிரேக்கு, எல்லாம் ஒன்றாக.

வீட்டில் கியர் சைக்கிள் ஒன்று ஏற்கெனவே இருந்து, மிதிக்கப்போகிறவரும் ஒருவரே என்றால், டைனமோ ஜாதிதான் சிக்கனம். அதிலும் விசிறி வைத்தது மலிவு. ஆனால் வேகம் இரட்டித்தால் அதைச் சுழற்ற எட்டு மடங்கு பலம் வேண்டும். இரைச்சலும் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். எண்ணெய் வைத்தது, சாலையில் போவது போன்ற உணர்ச்சியைத் தரும். விலை கூடுதல், முத்திரை தேய்ந்தால் எண்ணெய் கசியும். காந்தம் வைத்தது நடுத்தரம். நடுத்தரக் குடும்பத்துக்கு அதுவே போதும்.

வாங்குமுன் நம் ஊர்ப் பழைய சைக்கிள்காரர்கள் ஒன்று பார்க்க வேண்டும். டயரில் 28-க்கு 1½ என்று போட்டிருக்கிறதா? யந்திரத்தின் பெட்டியில் 28 அங்குலம் என்று கண்டதும் பொருந்தும் என்று எண்ணிவிடக் கூடாது. மேல்நாட்டார் 28 என்று சொல்லும் சக்கரத்தில் டயர் உட்காரும் விட்டம் 622 மில்லிமீட்டர், நம்முடையது 635. உருளையை நகர்த்தும் திருகு இந்த வித்தியாசத்துக்கு இடம் கொடுத்தால் சரி. அதைவிடப் பெரிய தொல்லை அச்சில் இருக்கிறது. நம் வண்டியின் பின்அச்சில் நட்டு, ஸ்டாண்டு, காரியர்க் கம்பி, மட்கார்டுக் கம்பி என்று ஒரு குடும்பமே குடியிருக்கும். யந்திரத்தின் பிடி அவற்றை மீறி அச்சைக் கவ்வுமா, அதற்கேற்ற நட்டு கொடுக்கிறார்களா என்று சைக்கிளையே கடைக்குக் கொண்டுபோய்ப் பார்த்து வாங்குவது உத்தமம். பட்டன் பட்டனாக மேடுள்ள டயரானால் அந்த இரைச்சலில் வீட்டார் தூங்க முடியாது; வழுவழுப்பான டயர் ஒன்று மாட்ட வேண்டும்.

ஒரே யந்திரத்தைக் கணவன், மனைவி, பிள்ளை, பாட்டி என்று நாலு பேர் மிதிக்கப் போகிறார்களா? அப்படியானால் முழு யந்திரமே மேல். அதில் திரையையும் பாட்டையும் பார்க்காதீர்கள். ஆசனம் ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். மிதி அடிமட்டத்தில் இருக்கும்போது முழங்கால் சற்றே மடங்கியிருக்க வேண்டும். அதிகம் மடங்கினால் முழங்கால் வலிக்கும். மடங்காவிட்டால் இடுப்பு ஆடும். பிரேக்கு உரசும் கம்பளித் துண்டா, காந்தமா என்று கேளுங்கள். கம்பளி தேயும், மாற்ற வேண்டியிருக்கும். எத்தனை கிலோ தாங்கும் என்று கேளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பேரிங்கு போனால் சேந்தமங்கலத்துச் சைக்கிள் கடையில் சரிசெய்ய முடியுமா என்று யோசியுங்கள். பெட்டியில் தூரதேசத்து விலாசம் இருப்பதைவிட, தெருக்கோடியில் ஸ்பானர் பிடித்த கை ஒன்று இருப்பது பெரிய உத்தரவாதம்.

யந்திரத்தின் விலையோடு ஒரு மின்விசிறியின் விலையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நம் உடம்பு செலவழிக்கும் சக்தியில் கால் பங்குதான் மிதிக்குப் போகிறது. முக்கால் பங்கு உஷ்ணமாகிறது. சாலையில் எதிர்க்காற்று அந்தச் சூட்டை வாங்கிக்கொண்டு போகும். கூடத்தில் காற்று ஏது? சித்திரை வெயிலில் சாத்திய அறைக்குள் மிதிப்பவர் பத்தாவது நிமிஷத்தில் தளர்ந்தால் பழி யந்திரத்தின்மேல் விழும், குற்றம் அதனுடையதல்ல. ஜன்னல், விசிறி, ஒரு செம்புத் தண்ணீர். இந்த மூன்றும் இல்லாத இடத்தில் எந்த யந்திரமும் நல்ல யந்திரமல்ல.

இத்தனையும் பார்த்து வாங்கியவர் வீட்டிலும், சில மாதங்களில் அந்த யந்திரத்தின் கைப்பிடியில் ஈரத் துண்டு காய்கிறது. பிறகு சட்டை, பிறகு புடவை. கொடி கட்டும் செலவு மிச்சம்! இப்படிக் கொடியானவை ஒன்றிரண்டல்ல. அவை கைமாறிப் பாதி விலைக்கும் வருகின்றன. சிக்கனக்காரர் அவற்றை முதலில் தேடலாம். ஆனால் வாங்குவதற்கு முன், அவை ஏன் கொடியாயின என்று தம்மையே கேட்டுக்கொள்வது நல்லது.

காரணம், இங்கிலாந்துச் சிறையில் அன்று சுழன்ற சக்கரந்தான். பயன் தெரியாமல், பயத்தால் மட்டும் மிதிக்கிற மிதிப்பு தண்டனையாகிவிடும். தண்டனையிலிருந்து தப்பி ஓடுவது மனித சுபாவம். ஏற்றக்காரருக்கு வாய்க்காலில் நீர் ஓடிற்று. சாணைக்காரருக்குக் கத்தி கூராயிற்று. கூடத்தில் மிதிப்பவருக்குச் சாலில் வருவது என்ன? பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறும் மூச்சா? ஒரு மாத்திரை குறைந்தது என்று வைத்தியர் சொல்லும் வார்த்தையா? வரும் தைக்குள் காளப்பநாயக்கன்பட்டி வழியாகக் காரவள்ளி வரை நிஜமான சைக்கிளில் போய்வரும் தெம்பா? எதுவானாலும் சரி, அதை முதலில் தீர்மானித்துக்கொண்டு ஏறியவருக்கு அலுப்பு தட்டாது. பாட்டும் எண்ணிக்கையும் கூட வேண்டும் என்றால் வைத்துக்கொள்ளட்டும், ஏற்றக்காரரும் வைத்துக்கொண்டவர்தானே!

ஆகவே மலிவான யந்திரம் எது என்ற கேள்விக்கு என் கணக்கு இதுதான்: கொடுத்த விலையை, ஏறி மிதித்த நாட்களால் வகுத்துப் பாருங்கள். ஐயாயிரம் ரூபாய்க்கு வாங்கிப் பத்து நாள் மிதித்தவர் நாளொன்றுக்கு ஐந்நூறு ரூபாய் கொடுத்திருக்கிறார். பதினையாயிரத்துக்கு வாங்கி ஐந்நூறு நாள் மிதித்த வீட்டார் கொடுத்தது முப்பது ரூபாய்தான். வாங்குமுன் ஒரு மாதம், கொல்லையில் துருப்பிடித்துக் கிடக்கும் சைக்கிளைத் துடைத்து எண்ணெய் விட்டு, ஸ்டாண்டு போட்டு, தினமும் அதே நேரத்துக்கு ஏறிக் கால் மணி நேரம் மிதித்துப் பாருங்கள். கனம் இராது; காற்றைத்தான் அரைப்பீர்கள். ஆனால் முப்பது நாளும் தவறாமல் ஏறினீர்களானால் கடைக்குப் போகலாம். கொடுக்கும் பணம் வீணாகாது. ஏறவில்லையானால், பணமாவது மிஞ்சிற்று.